கோவையா, சென்னையா, கலெக்டர் அலுவலகமா: தவறான வீட்டு ஜப்தியை எதிர்க்கும் வழிகள்

வீட்டுக் கடன் பாக்கி என்று வங்கி நோட்டீஸ் வந்ததும் சேலத்தில் பல குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன. சிலர் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார்கள். சிலர் உயர்நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கிவிடலாம் என்று சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். இன்னும் சிலர், அக்கம்பக்கத்தில் மானம் போகக்கூடாது என்று, மாத வட்டிக்கு வெளியில் கடன் வாங்கி வங்கியில் ஒரு பகுதியைக் கட்டுகிறார்கள். கணக்கே தவறாகப் போடப்பட்ட வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பிழை வங்கியுடையதாக இருந்தும் வீடு ஏலத்துக்குப் போவது பெருங்கொடுமை. அதைத் தடுக்கச் சட்டத்தில் இருக்கும் வழிகளில் சேலம் மாவட்டத்துக்காரருக்கு எது பயன்படும், எது நாளைத் தின்றுவிடும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்கியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ் வந்தால் 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம். வீட்டை எடுத்துக்கொள்வதாக அறிவிக்கும் பொசஷன் நோட்டீஸ் வந்தால் 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு. மற்ற வழிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் துணைதான். சிலருக்கு மட்டும் வேறு வழியே சரியானது. அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன்.

முதல் 60 நாள்

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, அடமானம் வைத்த வீட்டை நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே வங்கி எடுத்து விற்கலாம். ஆகவே நியாயம் கேட்டுப் படியேற வேண்டியவர் வீட்டுக்காரர்தான். ஆனால் அதற்கு முன் கடன் வாராக்கடனாக (நீண்ட நாள் தவணை கட்டப்படாத கடனாக) வகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பிறகு பிரிவு 13(2)இன் கீழ் 60 நாள் அவகாசத்துடன் டிமாண்ட் நோட்டீஸ் தர வேண்டும். எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்து என்ற விவரம் அதில் இருக்க வேண்டும்.

இங்கேயே நின்று கணக்கைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் கொடுத்த விளக்கப்படி, மார்ச் 31ஆம் தேதிக்குரிய தவணை கட்டப்படாமலே இருந்தால் அந்தக் கணக்கு ஜூன் 29 அன்று வாராக்கடனாகிறது. பாக்கியில் பழையதற்கே பணம் முதலில் வரவு வைக்கப்படும். அப்படியானால், நடுவில் ஒரு தவணை கட்டியிருந்தால் அந்தத் தேதி தள்ளிப்போயிருக்க வேண்டும். வங்கிகள் இணைந்தபோது கணக்கு எண் மாறியதால் தானியங்கிப் பிடித்தம் நின்றுபோயிருக்கலாம். கிளையில் கட்டிய பணம் வேறு கணக்கில் ஏறியிருக்கலாம். அபராதத் தொகையின் மேல் வட்டி போடப்பட்டிருந்தால் அதுவும் தவறு: ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவுப்படி புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் 30க்குள்ளும் அபராதத்தை அசலோடு சேர்த்து வட்டி கணக்கிடும் பழக்கம் நின்றிருக்க வேண்டும். வாராக்கடன் என்ற முத்திரையே தவறு என்று காட்ட முடிந்தால், அதன்மேல் எழுப்பப்பட்ட நோட்டீஸும் ஆட்டம் காண்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐந்து தவணை பாக்கி இருக்கும்போது இரண்டைக் கட்டிவிட்டால் நடவடிக்கை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. ஒருமுறை வாராக்கடனாகிவிட்டால் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். கந்துவட்டிக்கு வாங்கிய பணம் இங்கேதான் வீணாகிறது: வங்கிக் கடனும் தீர்வதில்லை, புதிய கடனும் தலையில் ஏறுகிறது. ஒப்பீட்டுக்கே தகுதியில்லாத வழி அது.

60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், பிரிவு 13(3ஏ)இன்படி வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணங்களுடன் பதில் தர வேண்டும். கிளை மேலாளரிடம் நேரில் போய்ப் பேசியதற்கு இந்த மதிப்புக் கிடையாது. நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். கடன் தொடங்கிய நாளிலிருந்து முழுக் கணக்கு விவரம், வட்டி மாற்றக் கடிதங்கள், வாராக்கடன் தேதி எல்லாவற்றையும் அதிலேயே கேட்க வேண்டும். அடமானம், அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். 2020 ஜனவரி 24 முதல், அந்தப் பதிவு இல்லாமல் வங்கி இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க முடியாது.

செலவு தபால் கட்டணம் மட்டுமே. இவ்வளவு மலிவான, இவ்வளவு வலுவான ஆயுதத்தை மிகப் பெரும்பாலோர் பயன்படுத்தாமலே விடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். வங்கி பதிலே தரவில்லை, அல்லது எழுப்பிய கேள்விகளைத் தொடாமல் ஒற்றை வரியில் நிராகரித்தது என்பதுகூடப் பின்னால் தீர்ப்பாயத்தில் நமக்குப் பேசும் சான்று. ஆனால் இந்தக் கட்டத்தில், வங்கியின் பதில் திருப்தியாக இல்லை என்பதற்காக மட்டும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அடுத்த நடவடிக்கை வரும்வரை அந்தக் கதவு திறக்காது.

கலெக்டர் அலுவலகம்

வங்கியே கலெக்டரிடம்தான் போகிறது என்பதால் குழப்பம் வருகிறது. வீட்டை நேரடியாகக் கைப்பற்ற உதவி கேட்டு பிரிவு 14இன் கீழ் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ விண்ணப்பிக்கிறது. 30 நாளுக்குள், காரணம் பதிவு செய்தால் மொத்தம் 60 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு வங்கி ஒன்பது விவரங்கள் அடங்கிய பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அது முறையாக இருக்கிறதா என்று பார்ப்பதே அங்கே உள்ள வேலை. கடன் கணக்கு சரியா, வட்டி அதிகமா என்று விசாரிக்கும் அதிகாரம் ஆட்சியருக்குக் கிடையாது. குறைதீர் நாள் மனு வங்கி மேலாளருக்கு அனுப்பப்பட்டு, ‘சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலோடு திரும்பும். மனுக் கொடுப்பதில் குற்றமில்லை. அதை நம்பி 45 நாளைக் கழித்துவிடுவதுதான் ஆபத்து.

கோவை: கடன் வசூல் தீர்ப்பாயம்

சேலம் மாவட்டம் கோவை தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வருகிறது. பெயரில் ‘வசூல்’ இருப்பதால் அது வங்கிகளுக்கான இடம் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிவு 17இன் கீழ் அங்கே மனுப்போடும் உரிமை கடன்தாரருக்கும் ஜாமீன்தாரருக்கும் பாதிக்கப்பட்ட வேறு எவருக்கும் உண்டு. குடியிருக்கும் வாடகைதாரர்கூடத் தன் குத்தகை உரிமையை அங்கே எழுப்பலாம்.

முக்கியமான கேள்வி, எப்போது போவது என்பது. வீட்டுக் கதவில் பொசஷன் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் வரும். வீடு அப்போதும் நம் கையில்தான் இருக்கும், சமையலறையில் அடுப்பு எரியும், ஆகவே இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். சட்டப்படி நடவடிக்கை தொடங்கிவிட்டது; 45 நாள் எண்ணிக்கையும் தொடங்கிவிட்டது. இந்த நோட்டீஸ் கட்டத்திலேயே தீர்ப்பாயத்தை அணுகலாம், வீட்டைப் பூட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸை ஒட்டிய அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் பயப்படும்படி இல்லை. கடன் 10 லட்சத்துக்குள் என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் 500 ரூபாய். அதற்கு மேல் என்றால் 5,000 ரூபாயுடன், கூடுதலாக உள்ள ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாய். 20 லட்சம் பாக்கி என்று நோட்டீஸ் சொன்னால் 7,500 ரூபாய் ஆகிறது. பாக்கியில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் மனுப்போட வேண்டும் என்று ஆரம்பத்தில் இருந்த விதியை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் ஏலத்துக்கு இடைக்காலத் தடை கேட்டால், பெரும்பாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லியே உத்தரவு வருகிறது. கையில் இருக்கும் காசை வெளியே சிதறவிடாமல் இதற்காக வைத்திருப்பது நல்லது.

தீர்ப்பாயம் வெறுமனே தேதி தள்ளும் இடமில்லை. வங்கி விதிகளை மீறியது என்று கண்டால் நடவடிக்கையை ரத்து செய்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம்; பிரிவு 19இன்படி இழப்பீடும் செலவுத்தொகையும் வழங்கச் சொல்லலாம். அங்கே எடுபடும் வாதங்கள் கண்ணீரைவிட ஆவணங்களைச் சார்ந்தவை. ஏலத்துக்கு முன் கடன்தாரருக்கு 30 நாள் நோட்டீஸ் தரப்பட்டதா? அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் மதிப்பிட்டாரா? சேலத்தின் விலையுயர்ந்த பகுதியான ஃபேர்லேண்ட்ஸில் உள்ள வீட்டுக்குப் புறநகர் மனை விலையில் அடிப்படை விலை வைத்திருக்கிறார்களா? 13(3ஏ) ஆட்சேபத்துக்குப் பதில் வந்ததா? இறந்துபோனவர் பெயரிலேயே எல்லாக் கடிதமும் போய், வாரிசுகளுக்கு ஒன்றும் வரவில்லையா?

குறைகளும் உண்டு. 60 நாளுக்குள், அதிகபட்சம் நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் அதைத் தாண்டிப் போகின்றன. சேலத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ஜங்ஷனில் காலை ரயில் பிடித்துப் போய் மாலையில் திரும்பலாம் என்றாலும், கொலுசுப் பட்டறையிலோ தறிக்கூடத்திலோ நாள்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. அந்தச் சட்டத்தில் ‘நீதிமன்றம்’ என்பது தீர்ப்பாயத்தையும் உள்ளடக்கியது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முதலில் கேட்டுவிட்டு வேறு ஏற்பாடு பாருங்கள்.

மிகப் பெரிய எச்சரிக்கை மேல்முறையீடு பற்றியது. கோவையில் தோற்றால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் கடன்தாரர் பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும். காரணம் காட்டிக் கேட்டால் 25 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே குறையாது. 20 லட்சத்துக்கு 5 லட்சம். அதைப் புரட்ட முடிந்தவர் பலர் இந்த நிலைக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆகவே கோவையில் போடும் முதல் மனுவே முழுமையான மனுவாக, எல்லா ஆவணங்களும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

சென்னை உயர்நீதிமன்றம், சேலம் சிவில் நீதிமன்றம்

உயர்நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுமீது நம் ஊரில் உள்ள நம்பிக்கை அளவுக்கு மீறியது. தீர்ப்பாயம் என்ற மாற்று வழி இருக்கும்போது உயர்நீதிமன்றங்கள் இத்தகைய மனுக்களை எடுக்கக்கூடாது என்று 2010இல் சத்யவதி டாண்டன் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. வழக்கறிஞர் கட்டணம், 340 கிலோமீட்டர் பயணம், கடைசியில் ‘தீர்ப்பாயத்தை அணுகவும்’ என்ற உத்தரவு. அதற்குள் 45 நாள் முடிந்திருக்கலாம். தீர்ப்பாயத்தின் தலைமை அதிகாரி பதவி காலியாக இருந்து விசாரணையே நடக்காத காலத்தில், நாளையே ஏலம் என்ற நிலையில், சென்னைக்குப் போவதில் பொருள் உண்டு. மற்ற நேரங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிவில் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, பிரிவு 34 கதவை மூடிவிட்டது என்பதே பொது விதி. கடன் வாங்கியவர் அஸ்தம்பட்டியில் தடையாணை வழக்குப் போட்டால் நிற்பது கடினம். ஆனால் கடனே வாங்காதவரின் நிலை வேறு. அண்ணன் தங்கைக்கு உரிய பங்கையும் சேர்த்து அடமானம் வைத்துவிட்டான், போலிப் பத்திரத்தை வைத்து யாரோ கடன் வாங்கிவிட்டார் என்பவை உரிமை யாருடையது என்ற வழக்குகள். பத்திரம் செல்லுமா என்று தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலையில்லை, சிவில் நீதிமன்றத்தின் வேலை என்று 2025 ஜனவரியில் பிரபா ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவர்களுக்கு மட்டும் சொந்த ஊர் நீதிமன்றமே முதல் வழி.

குறைதீர்ப்பாளரும் நுகர்வோர் ஆணையமும்

வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் இலவசம். இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. அபராதத்துக்கு வட்டி போட்டது, வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைத்தது போன்றவற்றுக்கு அதுவே சரியான இடம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். ஆனால் முதலில் வங்கியிடம் புகார் செய்து 30 நாள் காத்திருக்க வேண்டும். பொசஷன் நோட்டீஸ் வந்த பிறகு 45இல் 30ஐ இப்படிச் செலவழிப்பது தற்கொலைக்குச் சமம். விஷயம் தீர்ப்பாயத்தில் இருந்தால் அதே புகாரை அவர் எடுக்கவும் மாட்டார். ஆகவே இது நோட்டீஸுக்கு முன் செல்ல வேண்டிய இடம்.

நுகர்வோர் ஆணையம் ஏலத்தைத் தடுக்காது. சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம். கடன் முழுவதும் தீர்ந்த பிறகு மூலப்பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லும் வங்கியோடு வழக்காட இது உதவும்.

ஏற்காட்டு நிலம்

விவசாய நிலத்தின்மேல் சர்ஃபாசி சட்டம் செல்லாது என்று பிரிவு 31 சொல்கிறது. சேர்வராயன் மலையில் காப்பி, மிளகுத் தோட்டத்துக்கு நடுவே வீடு கட்டிக் கடன் வாங்கியவர்களுக்கு இது பெரிய கேடயம். ஆனால் பட்டாவில் விவசாயம் என்று எழுதியிருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. நிலத்தின் தன்மை, பயன்பாடு, அடமானம் வைத்தபோது இருந்த நோக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2018இல் பாப்பிரெட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உண்மையில் பயிர் நடக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன்தாரருடையது. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (பயிர்ப் பதிவு), காப்பி விற்ற ரசீது, மிளகு விற்ற ரசீது, கூலி கொடுத்த கணக்கு எல்லாம் ஆண்டுவாரியாக இருந்தால் வழக்கு நிற்கும். தோட்டத்தை விடுதியாக மாற்றி, நாலு செடி மட்டும் வேலியோரம் விட்டிருந்தால் நிற்காது. இந்த வாதத்தையும் வைக்க வேண்டிய இடம் கோவைதான்.

கடன் உண்மையென்றால்

கணக்கை அலசிப் பார்த்தபின், தொகையில் சில ஆயிரம் பிசகினாலும் பாக்கி பெரும்பாலும் உண்மைதான் என்று தெரிந்தால் வழக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒரே தவணைத் தீர்வு (பாக்கியைக் குறைத்துக் கணக்கை முடிக்கும் ஏற்பாடு) கேட்கலாம். அதைத் தருமாறு வங்கியைக் கட்டாயப்படுத்தும் உரிமை கடன்தாரருக்கு இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், நயமாகவும் எழுத்திலும் கேட்க வேண்டும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடித்தால் மேல்முறையீடு கிடையாது. ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து என்ற வாசகம் இருக்கிறதா என்று படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

இதைவிட நான் மேலாக நினைப்பது, வீட்டை நாமே விற்பது. ஏலத்தில் போகும் விலையைவிடச் சந்தையில் கூடுதலாகக் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். டிமாண்ட் நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது; மீறினால் தண்டனை உண்டு. வாங்குபவரை அழைத்துக்கொண்டு வங்கிக்கே போய், அவர் பணம் நேராகக் கடன் கணக்குக்குச் செல்லும்படி ஒப்பந்தம் போடலாம்.

தேதியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஏல நாளுக்கு முந்தின நாள் முழுப் பணத்தையும் கொண்டுபோய்க் கொட்டினால் வீடு திரும்பும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023இல் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் சேர்ந்தால் அறிவிப்பு வருவதற்கு முன்பே கட்டியாக வேண்டும்.

ஏலமே நடந்து முடிந்துவிட்டாலும், பாக்கியும் செலவும் போக மிஞ்சும் தொகை வீட்டுக்காரருக்கு உரியது என்று பிரிவு 13(7) சொல்கிறது. எவ்வளவுக்கு விற்றது, செலவு என்று என்னென்ன கழிக்கப்பட்டன, மீதி எவ்வளவு என்று அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.